விடை வருகின்ற நேரம்

(நானாட்டானில் நடைபெற்ற நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பில் ஒன்றாக இருந்து படித்தவர்களில் நால்வர் பிற்காலத்தில் கணித ஆசிரியர்களானோம். இருவர் இந்த மாவட்டத்திலேயே கற்பித்தோம். இருவர் கடல் கடந்து போனோம். சங்கம் பேச அழைத்தபோது நால்வரும் தொலைபேசியில் பேசிப் பேசியே இந்த உரையைத் தயாரித்தோம். மேடையில் நிற்பவர் ஒருவர், பேச்சு நால்வருடையது.

பழைய ஞாபகங்களைச் சொல்லும்படி கேட்டார்கள். ஒரே ஒரு ஞாபகத்தோடு தொடங்குகிறோம். 1990களில் மண்ணெண்ணெய் கிடைக்காத காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். அந்தச் சிறிய வெளிச்சத்துக்கும் அளவு இருந்தது. கணக்குப் பாதியில் நிற்கும்போதே, "விளக்கை நூருங்கோ பிள்ளையள்" என்று அம்மாவின் குரல் கேட்கும். நூர்த்துவிட்டுப் படுப்போம். கொப்பி மூடியிருக்கும், கணக்கு மட்டும் தலைக்குள் கிடக்கும். சில நாட்களில், விடியற்காலை கிணற்றடியில் முகம் கழுவும்போது, 'அந்த இரண்டு புள்ளிகளையும் இணைத்து ஒரு கோடு கீறினால் சரிதானே' என்று திடீரென்று தோன்றும். கீறிப் பார்த்தால் சரியாகவே இருக்கும். நால்வருக்கும் இது நடந்திருக்கிறது என்பது, இந்த உரைக்காகப் பேசிக்கொண்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. இதை அந்நாட்களில் ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. முயற்சி செய்யாமல் வந்த விடை என்பதால், களவாகப் பெற்றது போல ஒரு கூச்சம் இருந்தது.

அந்தக் கூச்சம் தேவையில்லை என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம். கஷ்டக் காலத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. எண்ணெய் இருந்திருந்தால் இன்னும் நன்றாகப் படித்திருப்போம். ஆனால் விளக்கு நூர்ந்த பின்னும் மனம் எதையோ செய்துகொண்டிருந்தது. அது என்ன?

முதலில் முன்வரிசைப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. ஒரு வீதியின் ஒரு பக்கத்தில் மட்டும் வீடுகள். அவற்றுக்கு 1, 2, 3 என்று வரிசையாக இலக்கம். அதில் ஒரு வீட்டின் இடப்பக்கத்து இலக்கங்களையெல்லாம் கூட்டினாலும், வலப்பக்கத்து இலக்கங்களையெல்லாம் கூட்டினாலும் ஒரே தொகை வருகிறது. வீதியில் 8 வீடுகள்தான் என்றால் அந்த வீடு 6ஆம் இலக்கம்: இந்தப் பக்கம் 1 முதல் 5 வரை கூட்டினால் 15, அந்தப் பக்கம் 7உம் 8உம் 15. இனி, வீதியில் 50க்கு மேல், 500க்குள் வீடுகள் இருந்தால்?

இது நாங்கள் உருவாக்கிய கணக்கல்ல. 1914 டிசம்பரில், முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, இலண்டனில் வெளிவந்த 'ஸ்ட்ராண்ட்' என்ற சஞ்சிகையில் இப்படியொரு புதிர் வந்தது. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் என்ற வங்காள மாணவர் அதைச் சில நிமிடங்களில் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்துவிட்டார். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவகத்தை நிறுவியவர் இவரே. அவர் தம் நண்பர் ஒருவரின் அறைக்குப் போய், புதிரை வாசித்துக் காட்டினார். நண்பர் அடுப்பில் மரக்கறி வதக்கிக்கொண்டிருந்தார். கிளறிய கையை நிறுத்தாமலே, "எழுதிக்கொள்ளுங்கள்" என்று ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அதில் 50க்கும் 500க்கும் இடைப்பட்ட விடை மட்டுமல்ல, எத்தனை வீடுகள் இருந்தாலும் வரக்கூடிய விடைகள் எல்லாமே அடங்கியிருந்தன. எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, 'கேட்டவுடன் இது ஒரு தொடர் பின்னம் என்று தெரிந்தது. எந்தத் தொடர் பின்னம் என்று எண்ணினேன். விடை மனத்தில் வந்தது' என்ற கருத்தில் பதில் சொன்னாராம்.

அந்த நண்பர் சீனிவாச இராமானுஜன். 1887இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, 1914இல் கேம்பிரிட்ஜ் போய், 1920இல் தமது 32ஆவது வயதில் மறைந்தவர். தமது குடும்பத் தெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் சூத்திரங்களைக் காட்டுவதாக அவர் நண்பர்களிடம் சொன்னதுண்டு. அவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடுகிறது: அவர் பிறவி மேதை, கனவில் விடை வந்தது, நமக்கு வராது.

அவருடைய நம்பிக்கையை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. இந்த மண்ணில் மடுவுக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் நடந்து போகிறவர்கள் நாங்கள். ஆனால் தாயார் வந்த வீட்டில் சிலேட்டு ஏற்கனவே தேய்ந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1903இல், பதினைந்து பதினாறு வயதில், கார் என்பவர் தொகுத்த ஒரு கணித நூல் அவர் கைக்கு வந்தது. ஏறத்தாழ 5000 முடிவுகள். பெரும்பாலானவற்றுக்கு முழுமையான நிறுவல் இல்லை. அந்த நிறுவல்களைத் தாமே கண்டுபிடிக்கப் புறப்பட்டார். கடதாசி விலை கூடியதென்று சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் கொப்பியில் எழுதி வைத்தார். அந்தக் கொப்பிகளில் 3000க்கும் மேற்பட்ட முடிவுகள் இருக்கின்றன. தொடர் பின்னங்கள் அவற்றில் ஒரு பெரும் பகுதி. 1913 ஜனவரியில் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய முதல் கடிதத்தில் இருந்த தொடர் பின்னங்களைப் பார்த்தே ஹார்டி திகைத்துப்போனார். ஆகவே, அடுப்படியில் ஒரு கணத்தில் வந்த அந்த விடைக்குப் பின்னால் பத்து வருட உழைப்பு இருந்தது.

1729 என்ற எண்ணின் கதையும் அப்படித்தான். நோயுற்றிருந்த இராமானுஜனைப் பார்க்கச் சென்ற ஹார்டி, தாம் வந்த வாடகைக் காரின் இலக்கம் 1729 என்றும், அது சுவையற்ற எண் என்றும் சொன்னார். இல்லை, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றார் இராமானுஜன். 1இன் கனமும் 12இன் கனமும் சேர்ந்தால் 1729. 9இன் கனமும் 10இன் கனமும் சேர்ந்தாலும் 1729. படுக்கையில் கிடந்தபடி கண நேரத்தில் கண்டுபிடித்தார் என்று கதை சொல்கிறோம். ஆனால் அவர் பல வருடங்களுக்கு முன் எழுதிய கொப்பியிலேயே அந்தச் சமன்பாடு இருக்கிறது.

இப்படித் திடீரென்று விடை தெரிவதை உளவியலில் உட்காட்சி என்கிறோம். ஆசிரியர் கலாசாலைக்குப் போனவர்களுக்குக் கோலரின் குரங்கு நினைவிருக்கும். வூல்ஃப்காங் கோலர் என்ற ஜேர்மானிய அறிஞர் 1913 முதல் டெனெரீஃப் தீவில் மனிதக் குரங்குகளோடு ஆய்வு செய்தார். சுல்தான் என்ற குரங்குக்கு எட்டாத தூரத்தில் வாழைப்பழம்; கையில் இரண்டு மூங்கில் தடிகள்; தனித்தனியே இரண்டும் எட்டா. ஒரு மணி நேரத்துக்கு மேல் முயன்று தோற்றது. பிறகு பழத்தை விட்டுவிட்டு, ஒரு பெட்டியின் மேல் இருந்து தடிகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது. இரண்டு தடிகளும் தற்செயலாக ஒரே நேர்கோட்டில் வந்தன. ஒன்றின் துளைக்குள் மற்றதைச் செருகியது. உடனே கம்பியோரம் ஓடிப்போய்ப் பழத்தை இழுத்தது.

பரீட்சைக்கு இதுவரையில்தான் படித்தோம். இதற்குப் பின்னால் வந்த ஒன்றை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. 1945இல் பேர்ச் என்பவர், தடியையே கையாண்டு பழகாத இளம் குரங்குகளுக்குத் தடியால் உணவை இழுக்கும் சோதனையைக் கொடுத்தார். பெரும்பாலானவை தோற்றன. பிறகு மூன்று நாட்கள் தடிகளை அவற்றின் இருப்பிடத்தில் விளையாட விட்டார். அதன்பின் அதே சோதனையைச் செய்து முடித்தன. பழக்கமில்லாத கைக்கு உட்காட்சி வருவதில்லை. நம் ஊர்ப் பெண்கள் இதைக் கோழிக்கூட்டுப் பக்கம் நின்றே சொல்லிவிடுவார்கள்: கூழ்முட்டையை எத்தனை நாள் அடைவைத்தாலும் குஞ்சு வராது.

அடைவைத்தல் என்ற அதே சொல்லைத்தான் ஆங்கில அறிஞர் கிரஹம் வாலஸும் 1926இல் எடுத்தாண்டார். புதிய எண்ணம் பிறப்பதற்கு நான்கு படிகள் என்றார் அவர். முதலாவது ஆயத்தம்: கணக்கோடு மல்லுக்கட்டுதல். இரண்டாவது அடைகாத்தல்: அதை விட்டு விலகியிருத்தல். மூன்றாவது விளக்கம் பிறத்தல். நான்காவது சரிபார்த்தல். பிரெஞ்சுக் கணித மேதை புவன்காரே தமது அனுபவத்தை 1908இல் பாரிசில் சொன்னதை அவர் நன்கு பயன்படுத்தினார். நாட்கணக்காக ஒரு பிரச்சினையோடு போராடிய புவன்காரே, ஒரு சுற்றுலாவின்போது வண்டியின் படியில் கால் வைத்த கணத்தில் விடை வந்தது என்றார். நானாட்டான் பேருந்து தள்ளாடியைத் தாண்டி மன்னார்த் தாம்போதியில் ஏறும்போது, வீட்டில் தேடித் தேடிக் காணாத சாவி எங்கே இருக்கிறது என்று நமக்கு ஞாபகம் வருவதில்லையா? அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும்.

ஆண்களின் கதையாகவே போகிறது என்று நினைப்பீர்கள். பார்பரா மக்ளின்டொக் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானியைப் பற்றியும் சொல்கிறோம். 1983இல் நோபல் பரிசு பெற்றவர். 1944இல் ஒரு பூஞ்சணத்தின் நிறமூர்த்தங்களை ஆராய்வதற்காக ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்துக்கு அழைக்கப்பட்டார். நுணுக்குக்காட்டியில் பல நாள் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. எழுந்து வெளியே போய், வளவில் யூக்கலிப்டஸ் மரங்களின் கீழ் ஒரு இருக்கையில் அரை மணி நேரமளவு தனியே இருந்தார். திடீரென எழுந்து, இனிச் செய்து முடிப்பேன் என்ற நம்பிக்கையோடு ஓடிவந்தார். சில நாட்களில் வேலை முடிந்தது. அவர் மரத்தடியில் இருந்த அந்த அரை மணி நேரம், பார்ப்பவர் கண்ணுக்கு என்னவாகத் தெரிந்திருக்கும்? 'வேலையை விட்டிட்டுச் சும்மா இருக்கிறா' என்றுதானே?

இந்தச் 'சும்மா'தான் எங்கள் பேச்சின் நடுப்புள்ளி.

ஜேனட் மெட்காஃப் என்ற உளவியலாளர் தம் துணையாளரோடு 1987இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கணக்குச் செய்துகொண்டிருக்கும் மாணவரை இடையிடையே கேட்டார்கள்: விடைக்கு எவ்வளவு கிட்ட வந்திருக்கிறாய்? நாம் சிறு வயதில் ஒளித்து வைத்த பொருளைத் தேடும்போது 'சூடு, குளிர்' என்று சொல்வதைப் போல. சாதாரண அட்சரகணிதக் கணக்குகளில் சூடு படிப்படியாக ஏறியது. உட்காட்சி தேவைப்படும் புதிர்களிலோ, கடைசிக் கணம் வரைக்கும் குளிராகவே இருந்தது. பிறகு ஒரேயடியாக விடை வந்தது. அதாவது, விடைக்கு அரை நிமிடம் முன்பு வரை அந்த மாணவருக்கே, தாம் விடைக்குப் பக்கத்தில் நிற்பது தெரியாது.

இதை வாசித்தபோது எங்களில் ஒருவருக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறோம். நாங்கள் கற்பித்த ஒரு பத்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு பிள்ளை. வட்டத்தைப் பற்றிய ஒரு கேத்திரகணிதக் கணக்கைக் கரும்பலகையில் செய்யும்படி கூப்பிட்டோம். வெண்கட்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். எவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டதற்கு, "ஒன்றும் வரயில்லை மிஸ்" என்றாள். "இது உனக்கு வராது, போய் இரு" என்றோம். அடுத்த நாள் காலை கொப்பியின் பின்பக்கத்தில் அந்தக் கணக்கைச் செய்து கொண்டுவந்தாள். மையத்தையும் தொடுபுள்ளியையும் இணைத்து, தேவையான கோட்டைச் சரியாகக் கீறியிருந்தாள். நாங்கள் கேட்ட முதல் கேள்வி: "யார் செய்து தந்தது?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரவில் படுத்த பிறகு தோன்றியது என்று சொன்னால் நம்பமாட்டோம் என்று நினைத்திருக்கலாம். அதன் பிறகு அந்த வருடம் முழுவதும் அவள் கணித வகுப்பில் கையை உயர்த்தவேயில்லை. நாங்களும் இதே ஊரில் கிணற்றடியில் விடை கண்டவர்கள்தான். ஆனாலும் அவளிடம் அப்படிக் கேட்டோம். இன்று இந்த மேடையில் இதைச் சொல்வது, இங்கே இருக்கும் இளம் ஆசிரியைகள் அதே கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்காக. 'ஒன்றும் வரவில்லை' என்று நிற்கும் பிள்ளை விடையிலிருந்து வெகு தூரத்தில் நிற்கலாம். ஒரு படி தள்ளியும் நிற்கலாம். வெளியே இருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரித்தான்.

சரி, விலகியிருக்கும்போது மனம் என்ன செய்கிறது? இதில் அறிஞர்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. நனவிலி மனம் எண்ணங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்பது ஒன்று. புவன்காரே அப்படித்தான் நம்பினார். இன்னொன்று சற்று எளிமையானது. நாம் ஒரு பிழையான வழியைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப மிதிக்கிறோம். விலகியிருக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. திரும்பி வரும்போது புதுக்கண்ணோடு பார்க்கிறோம். நூல் சிக்கினால் இழுக்க இழுக்க இறுகும், கையை விட்டுச் சற்றுத் தளர்த்தினால் நுனி தெரியும் என்பது தையல் படித்த நமக்குப் புதிதல்ல. இரண்டு கருத்தும் ஒன்றாகவே உண்மையாக இருக்கவும் கூடும். நமக்கு வேண்டியது, இரண்டும் ஒரே அறிவுரையையே தருகின்றன என்பது.

2009இல் சியோ, ஒமரோட் என்ற இருவர் இதைப் பற்றிய 117 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். இடைவெளி விடுவதால் பயன் உண்டு என்பது தெரிந்தது. அதோடு இன்னும் இரண்டு விடயங்கள். முன்கூட்டியே நீண்ட நேரம் முயன்றவர்களுக்கு இடைவெளியின் பயன் கூடுதலாக இருந்தது. இடைவெளி நேரத்தில் மூளைக்குப் பாரமான வேறு வேலையைக் கொடுத்தால் பயன் குறைந்தது. 2004இல் ஜேர்மனியில் நடந்த ஓர் ஆய்வில், மறைந்திருக்கும் ஒரு குறுக்குவழியுள்ள எண் கணக்கைக் கொடுத்தார்கள். ஓர் இரவு தூங்கி எழுந்தவர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் அந்தக் குறுக்குவழியைக் கண்டார்கள். அதேயளவு நேரம் விழித்திருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே கண்டார்கள்.

இப்போது நம் பிள்ளைகளின் ஒரு நாளைப் பாருங்கள். பாடசாலை விட்டால் ரியூசன். ஒரு ரியூசன் முடிந்தால் இன்னொன்று. சைக்கிளில் போகும் அந்தப் பத்து நிமிடம்தான் மனத்துக்கு மிச்சம். இப்போது அதிலும் கைத்தொலைபேசி. பரீட்சை கிட்டினால் இரவு ஒரு மணி வரை கண்விழிப்பு. மல்லுக்கட்டவும் நேரமில்லை, ஏனென்றால் கணக்கை எழுதி முடிக்குமுன்பே பலகையில் விடை வந்துவிடுகிறது. விலகியிருக்கவும் நேரமில்லை. விதைநெல்லை ஊறவைத்து, நீர் வடித்து, சாக்கில் கட்டி வைப்பதை நானாட்டான் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஊறாத நெல்லைக் கட்டி வைத்தால் முளைக்காது. ஊறிய நெல்லையும் மணிக்கொருதரம் அவிழ்த்துக் கிளறினால் முளை முறியும். நம் பிள்ளைகளுக்கு இரண்டு பிழையையும் செய்கிறோம்.

பெண்பிள்ளைகளுக்கு மூன்றாவதாக ஒன்றையும் செய்கிறோம். இராமானுஜன் கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக இருந்தார். வீதியில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். கல்லூரிப் பரீட்சையில் கணிதம் தவிர்ந்த பாடங்களில் தவறினார். உடனே வேலையும் கிடைக்கவில்லை. அப்போதும் அந்த வீடு அவரைத் திண்ணையில் இருக்க விட்டது. அதே வீட்டில், அதே மூளையோடு ஒரு பெண்பிள்ளை பிறந்திருந்தால்? 1909இல் அவருக்கு மணம் முடித்து வைத்தபோது மனைவி ஜானகிக்குப் பத்து வயதளவுதான். திண்ணை ஆண்பிள்ளைக்கு, அடுப்படி பெண்பிள்ளைக்கு.

நூறு வருடங்களுக்கு முன்பு இந்தப் பகுதியில் பெண்பிள்ளைகளுக்காகக் கதவைத் திறந்தவர்கள், அந்தத் திண்ணையை நமக்குத் தந்தார்கள் என்றே நாங்கள் நினைக்கிறோம். ஆனால் வீட்டில் அது இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. அண்ணன் மாலையில் விளையாட்டு மைதானத்துக்குப் போகலாம். தங்கை வாசலில் பேசாமல் இருந்தால், "பொம்பிளைப் பிள்ளை சும்மா இருக்கிறதோ, அந்த முத்தத்தைக் கூட்டு" என்கிறோம். முற்றம் கூட்டுவதில் குற்றமில்லை. கூட்டும்போதும், தண்ணீர் அள்ளும்போதும் கணக்கு தலைக்குள் ஓடும். இலேசான வேலை இடைஞ்சல் அல்ல என்பதைத்தான் ஆய்வும் சொல்கிறது. இராமானுஜனே மரக்கறி கிளறிக்கொண்டுதானே விடை சொன்னார்! இடைஞ்சல் வேலையில் இல்லை. 'சும்மா இருக்கிறாய்' என்ற குற்றச்சாட்டில் இருக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டு வளரும் பிள்ளை, தன் மனம் வேலை செய்யும் நேரத்தையே குற்றமாக எண்ணத் தொடங்குகிறாள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். திடீரென்று வந்த விடையெல்லாம் சரியான விடையல்ல. வாலஸ் சொன்ன நான்காம் படியை மறக்கக் கூடாது. இராமானுஜனின் முதற் கடிதங்களில் முதன்மை எண்களைப் பற்றி அவர் எழுதிய சில முடிவுகள் பிழையானவை. ஹார்டியும் லிட்டில்வூட்டும் அதைக் கண்டு சொன்னார்கள். அந்த மேதைக்கே உள்ளிருந்து வந்த குரல் சில இடங்களில் பிழையாகச் சொன்னது. ஆகவே பிள்ளைகளே, கிணற்றடியில் வந்த விடையைக் கடதாசிக்குக் கொண்டுவாருங்கள். படிபடியாக எழுதிப் பாருங்கள். சரியானால் உங்களுடையது, பிழையானால் மறுபடி ஆயத்தம்.

இனி, இந்தச் சங்கத்திடம் சில வேண்டுகோள்கள்.

நூற்றாண்டு நிதியில் மேலதிக வகுப்புகளுக்குப் பணம் ஒதுக்கவிருப்பதாக அறிகிறோம். நல்ல காரியம், கணிதத்தில் சித்தியடையாமல் போன ஒரு பிள்ளையின் முன்னால் எத்தனை கதவுகள் மூடுகின்றன என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வகுப்புகளின் பின்னேரங்களில் கிழமைக்கு ஒன்றை வெறுமையாக விடுங்கள். ஓர் அறை, சில மேசைகள், ஒரு மின்விசிறி, வெளியே மர நிழலில் இரண்டு வாங்குகள். அங்கே ஒருவரும் கற்பிக்க வேண்டாம். முதல் அரை மணி நேரம் பிள்ளைகள் ஒரு கடினமான கணக்கோடு தாங்களாகவே போராடட்டும். பிறகு எழுந்து நடக்கட்டும், பேசட்டும், பேசாமல் இருக்கட்டும். மறுபடி வந்து பார்க்கட்டும். செலவு அதிகமில்லை. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவிகள் ஒரு வாங்குக்கு உதவினாலே போதும்.

ஆசிரியைகளிடம் ஒன்று: கேள்வி கேட்டுவிட்டு, விடையை அடுத்த நாளுக்குத் தள்ளிவைக்கும் துணிவு கொள்ளுங்கள். தாய்மாரிடம் ஒன்று: பரீட்சைக்கு முதல் நாள் இரவு பிள்ளையைத் தூங்க விடுங்கள். மாணவிகளிடம் ஒன்று: வினாத்தாளை வாசிப்பதற்கென்று தரும் மேலதிக 10 நிமிடத்தில் எல்லா வினாக்களையும் வாசியுங்கள். முடியாத கணக்கில் நெடுநேரம் தொங்க வேண்டாம். அதை வாசித்து, கொஞ்சம் முயன்று, அப்படியே வைத்துவிட்டு வேறு ஒன்றைச் செய்யுங்கள். திரும்பி வாருங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் அது சற்று இளகியிருக்கக் கூடும்.

கையை உயர்த்தாமல் போன அந்தப் பிள்ளை இன்று எங்கே இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. இந்த மலர் பல நாடுகளுக்குப் போகும் என்கிறார்கள். எங்காவது இதை அவள் வாசிக்க நேர்ந்தால், அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இப்போது கேட்கிறோம்: "அந்தக் கோடு உனக்கு எப்போது தோன்றியது, பிள்ளை?"

முன்வரிசைப் பிள்ளைகள் வீட்டுக் கணக்கை மறந்திருக்கமாட்டீர்கள். 50க்கும் 500க்கும் இடையில் விடை, 288 வீடுகள் உள்ள வீதியில் 204ஆம் இலக்க வீடு. இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பாருங்கள், 20,706 வரும். 49 வீடுகள் உள்ள வீதியில் 35ஆம் இலக்கம். ஆக, வீட்டு இலக்கங்கள் 6, 35, 204 என்று போகின்றன. இவற்றுக்குள் ஓர் எளிய தொடர்பு இருக்கிறது. அடுத்த இலக்கம் என்ன? நாங்கள் சொல்லமாட்டோம். இன்று பின்னேரம் கொப்பியை எடுத்து முயன்று பாருங்கள். வராவிட்டால் கொப்பியை மூடிவிட்டு, நேரத்துக்குப் படுத்துத் தூங்குங்கள். அம்மா ஏதும் கேட்டால், நாங்கள் சொன்னோம் என்று சொல்லுங்கள்.